ஹேவ்லாக்கில் அறை எடுப்பதற்கு முன்னால்

கேள்வியின் சுருக்கம் இது. மதுரையிலிருந்து ஜனவரி நடுவில் ஒரு குடும்பம் அந்தமான் வருகிறது. கணவன், மனைவி, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா. மொத்தம் ஆறு இரவு. ஹேவ்லாக் தீவில் மேற்குக் கரையில் ராதாநகர் கடற்கரையை ஒட்டி அறை எடுப்பதா, கிழக்குக் கரையில் ஐந்தாம் நம்பர் பீச்சில் ‘ஸீ வியூ’ காட்டேஜ் எடுப்பதா, இல்லை போர்ட்பிளேரிலேயே தங்கிக்கொண்டு கப்பலில் போய்வந்துவிடலாமா? நீல் தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

நான் போர்ட்பிளேரில் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மனைவி வழிச் சொந்தத்தில் வருடத்துக்கு மூன்று நான்கு குடும்பமாவது வந்துபோகும். அவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பது எனக்குக் காசு வராத உபதொழில். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் த்வீப்’ ஆனது, நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட்பிளேர் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆனது. அரசாங்கக் காகிதத்தில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். இரண்டும் தெரிந்திருந்தால் ஜெட்டியில் நின்று முழிக்க வேண்டியிருக்காது.

என் பதில்: முதல் இரவு போர்ட்பிளேர், அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக்கில் ஒரே இடம், கடைசி இரண்டு இரவு மறுபடி போர்ட்பிளேர். ஹேவ்லாக்கில் ஊரையும் கடற்கரையையும் நம்பர் சொல்லித்தான் அழைப்பார்கள். அதில் மூன்றாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் நடுவில் எங்காவது, கீழ்த்தளத்தில். நீலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

போர்ட்பிளேரில் தங்கி ஒரே நாளில் போய்வருவது கணக்குப் போடும்போது லாபமாகத் தெரியும். ஆனால் கப்பல் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். தனியார் கப்பல் வேகமானது, ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் வாக்கில் ஆகும். அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம். அதற்கு முன்னால் ஜெட்டியில் ஒரு மணி நேரம், அடையாள அட்டையைக் காட்டி, பையை ஸ்கேன் செய்து, வரிசையில் நிற்க வேண்டும். திரும்பும்போதும் இதே கதை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, இங்கே பொழுது சாய்வதுதான் பிரச்சினை. கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது, நாங்கள் இருப்பதோ மதுரையைவிட வெகுதூரம் கிழக்கே. ஜனவரி நடுவில் ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். உங்கள் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாலேயே. ராதாநகரில் வானம் சிவக்கிற நேரத்தில், ஒரு நாள் பயணமாக வந்தவர்கள் கப்பலுக்குள் ஏசி குளிரில் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவை ஒரே நாளில் இரண்டு தடவை கப்பல் ஏற்றி இறக்க வேண்டாம்.

ஹேவ்லாக்கில் எங்கே என்பதுதான் பெரிய விஷயம். தீவின் அமைப்பு கொஞ்சம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜெட்டி வடக்கே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் வாக்கில் கோவிந்த் நகர் பஜார், அதுதான் மூன்றாம் நம்பர். ஏடிஎம், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு சாலை கிழக்குக் கரையோரமாக விஜய் நகருக்கு, அதாவது ஐந்தாம் நம்பருக்குப் போய், காலாபத்தர் பக்கம் முடிகிறது. இன்னொரு சாலை தீவைக் குறுக்கே கடந்து, காடும் பாக்குத்தோப்பும் தாண்டி, மேற்குக் கரையில் ராதாநகரில் முடிகிறது. அதுதான் ஏழாம் நம்பர், ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர். கோவிந்த் நகர், விஜய் நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ண நகர், ராதாநகர் என்று இந்தத் தீவு முழுக்கக் கண்ணன் குடும்பம். நீல் தீவுக்குப் போனால் ராம் நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ராமாயணம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்களின் ஊர்கள் இவை.

கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ரிசார்ட்டின் வெப்சைட்டும் சொல்லாது. கிழக்குக் கரையில் தரை ஆழமில்லாமல் வெகுதூரம் போகும். அடியில் பாறையும் செத்த பவளத் துண்டுகளும். கடல் ஏறியிருக்கும்போது பச்சையும் நீலமுமாக அறை வாசல்வரை வந்து நிற்கும். விளம்பரப் படமெல்லாம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். வற்றினால் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிப் போய்விடும்.

என் மச்சான் ஒரு வருடம் என்னைக் கேட்காமல் அவராகவே ‘பீச் ஃப்ரண்ட்’ என்று போட்டிருந்த ஒரு காட்டேஜை எடுத்தார். மதியம் அறைக்குள் நுழைந்ததும் எனக்கு போன். “மாப்ளே, கடலைக் காணோம்!” ஜன்னலுக்கு வெளியே கருப்புப் பாறை, பாசி, குட்டைகளில் சின்னச் சின்ன நண்டு, அப்பால் எங்கேயோ ஒரு கோடாகத் தண்ணீர். பிள்ளைகள் நீச்சல் உடை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். ராத்திரி தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இருட்டில் யார் குளிப்பது? ரிசார்ட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அது பீச் ஃப்ரண்ட்தான், ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

ஏற்றமும் வற்றமும் தினமும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிக அதிகம். உங்கள் தேதியில் அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா என்று வீட்டுக் காலண்டரில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ‘டைட் டேபிள்’ என்று தேடி ஹேவ்லாக்கின் நேரத்தைப் பாருங்கள். இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டு அந்த ரிசார்ட்டுக்கு எதிரே பாருங்கள். கரையை ஒட்டி அகலமாகப் பழுப்பும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது பாறைத்தளம், வற்றத்தில் வெளியே வந்துவிடும். விருந்தினர்கள் போட்ட படங்களையும் பார்க்க வேண்டும், முதலாளி போட்டவற்றை அல்ல.

அப்படியிருந்தும் நான் ஏன் கிழக்குக் கரையையே சொல்கிறேன்? அறையிலிருந்து கடலில் குளிக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட்டால், தங்குவதற்கு வசதியான இடம் அதுதான். ஜெட்டி பக்கம், கடை பக்கம், ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம், ஆட்டோ கிடைக்கும், சாப்பாட்டுக்கு நாலு இடம் மாற்றிப் பார்க்கலாம். டைவிங் கற்றுக்கொடுக்கும் கடைகளும் பெரும்பாலும் இரண்டாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர்வரைதான். குளிப்பதற்கு மட்டும் மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு வண்டி பிடித்து ராதாநகர் போய்விடுங்கள்.

ராதாநகர் உண்மையிலேயே அழகுதான். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது, 2020இல் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. பாறையில்லாத மாவு போன்ற மணல், மெதுவாக ஆழமாகும் தரை, பின்னால் ஆகாயத்தைத் தொடும் மரங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் இல்லை. ஆனால் அங்கே தங்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் நல்லவை கை சுடும் விலை. இருட்டிய பிறகு கடற்கரையில் இருக்க விடமாட்டார்கள். ஐந்தரைக்கே இருட்டினால் மீதி ராத்திரிக்கு ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடமே கதி. அவசரமாக ஒரு மாத்திரை வேண்டுமென்றாலும் காட்டுச் சாலையில் பஜாருக்கு வர வேண்டும், அந்த நேரத்தில் ஆட்டோவும் சிக்காது. புதுமணத் தம்பதி கேட்டிருந்தால் ராதாநகருக்கே போங்கள் என்றிருப்பேன். அம்மாவோடு வருபவருக்கு வேண்டாம்.

போகும்போது வண்டிக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். சூரியன் மறைந்ததும் கூட்டம் மொத்தமாக வெளியே வரும், வண்டிக்குத் தட்டுப்பாடு. குளிக்கக் குறித்துவைத்த இடத்தைத் தாண்டி இறங்க வேண்டாம். ஓடைகள் கடலில் சேரும் இடம் பக்கமே போகக் கூடாது. இந்தத் தீவுகளில் உவர்நீர் முதலை உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை அழகுக்கு வைத்ததில்லை.

இப்போது அறை. முழங்கால் வலி உள்ளவருக்கு அறை பார்க்கும்போது கடல் எத்தனை அடி தூரம் என்று கேட்பதைவிட, படி எத்தனை என்று கேட்பது முக்கியம். இங்கே பல காட்டேஜ்கள் மழைக்காகவும் ஈரத்துக்காகவும் கட்டைக் கால்களின் மேல் உயர்த்திக் கட்டியவை. ஏழெட்டு மரப்படி, கைப்பிடி சில இடத்தில் பெயருக்குத்தான் இருக்கும். படத்தில் அது தெரியாது, படம் எடுப்பவர் படியில் நின்றுகொண்டல்லவா எடுப்பார்! அதோடு, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எப்படிப் போவது என்றும் கேளுங்கள். மணலில் நூறு அடி நடப்பது தரையில் முந்நூறு அடி நடப்பதற்குச் சமம். மூன்று வேளை போய்வந்தால் அம்மாவுக்கு அன்றைய ஊர் சுற்றல் முடிந்தது.

போனில் பேசும்போது இன்னும் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் ஓடுமா, இல்லை வரவேற்பறைக்கு மட்டுமா? ஐந்து பேருக்கு ஒரு அறையா, அடுத்தடுத்து இரண்டு அறையா? இரண்டு என்றால் கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமா? காலி செய்ய வேண்டிய நேரம் என்ன? இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். காலைக் கப்பலை ஒட்டி ஹேவ்லாக்கில் பல இடங்களில் எட்டு, ஒன்பது மணிக்கே அறையைக் கேட்பார்கள். உங்கள் கப்பல் மதியம் என்றால் நடுவில் நாலு மணி நேரம் அம்மா எங்கே உட்காருவார், பையை எங்கே வைப்பது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். ஒரு தடவை எங்கள் சொந்தக்காரப் பாட்டி ஒருவர் ஜெட்டி வெயிலில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நானே இதைக் கேட்க ஆரம்பித்தேன்.

மணலுக்கு மிக அருகில் அறை எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை மணல் ஈ. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. காலையிலும் மாலையிலும் கடிக்கும், அரிப்பு நாட்கணக்கில் நிற்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகச் சொல்வோம். சாலைக்கு அந்தப் பக்கம், தோப்புக்குள் இருக்கும் அறைகள் விலையும் குறைவு, இந்தத் தொல்லையும் குறைவு. கடலுக்கு இரண்டு நிமிட நடை. உங்களுக்கு நான் அந்த மாதிரி அறையைத்தான் தேடுவேன்.

கப்பல் பற்றிச் சொல்லாமல் தங்குவது பற்றிச் சொல்ல முடியாது. ஜெட்டியிலிருந்து கப்பலுக்கு ஒரு சாய்வுப் பலகை போட்டிருப்பார்கள். கடல் ஏறியிருந்தால் அது கிட்டத்தட்ட சமமாக இருக்கும். வற்றியிருந்தால் கப்பல் கீழே இறங்கிவிடும், பலகை செங்குத்தாகும். அதோடு அலைக்கு அது லேசாக ஆடும். கப்பல் ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள், பயம் வேண்டாம். ஆனால் அம்மாவின் கையில் பை எதுவும் இருக்கக் கூடாது, செருப்பு வழுக்காததாக இருக்க வேண்டும். ஜெட்டியும் நீளமானது, கப்பலிலிருந்து வாசல்வரை நடக்க வேண்டும். இதனால்தான் நீலை விடச் சொன்னேன்.

நீல் மோசமான இடம் என்று அர்த்தமில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் ஹேவ்லாக்கைவிட நீல்தான் பிடிக்கும். 14 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் சின்னத் தீவு, காய்கறித் தோட்டங்கள், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை, மாலைக்கு லட்சுமண்பூர், காலைக்கு சீதாபூர். ஆனால் ஆறு இரவில் மூன்று தீவு என்றால் மூட்டை கட்டி அவிழ்ப்பதே வேலையாகிவிடும். ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்னும், அம்மாவுக்கு இன்னும் ஒரு தடவை அந்தப் பலகை. பயண ஏஜென்ட் ‘நீல் ஒரு இரவு’ என்று கட்டாயம் சேர்ப்பார், பட்டியல் நீளமாகத் தெரியும் அல்லவா. டைவிங், ஹேவ்லாக்கில் உள்ள எலிஃபண்ட் பீச் எல்லாம் வேண்டாம், அமைதி போதும் என்றால் ஹேவ்லாக்குக்குப் பதிலாக மூன்று இரவையும் நீலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று. ஒரு சின்ன எச்சரிக்கை: சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் திறந்தது. அது நேராக எட்டும் தீவுகளில் ஹேவ்லாக் உண்டு, நீல் இல்லை. அலுவலக வேலையை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பணமும் கையில் ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும், இரண்டு தீவிலும்.

கடைசி இரண்டு இரவு போர்ட்பிளேர் என்றதற்கு உங்கள் வீட்டில் எதிர்ப்பு வரும். ‘விமானத்துக்கு அன்று காலையில் ஹேவ்லாக்கிலிருந்து வந்தால் போதாதா, ஒரு நாள் கூடக் கடற்கரையில் இருக்கலாமே’ என்பார்கள். கடல் கெட்டால் கப்பல் ஓடாது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. ஜனவரி பொதுவாகக் கடல் அடங்கியிருக்கும் மாதம், அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் கப்பல் ரத்தாக புயலே வர வேண்டும் என்பதில்லை, இயந்திரக் கோளாறு போதும். ஐந்து பேருக்கு அன்றைக்கு அன்று சென்னை டிக்கெட் மாற்றி எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்களோ உங்கள் மனைவியோ சிலிண்டர் மாட்டிக்கொண்டு டைவிங் செய்தால், அதற்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். ஹேவ்லாக்கின் முதல் முழு நாளிலேயே டைவிங்கை முடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

போர்ட்பிளேரில் அறை அபர்டீன் பஜார், கோல்கர், ஜங்கிலிகாட் வட்டாரத்தில் பாருங்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, எங்கிருந்தும் சில நிமிடம்தான். ஜங்கிலிகாட் பக்கம் தமிழிலேயே பேசி வாங்கலாம், அம்மாவுக்கு இட்லியும் ரசமும் கிடைக்கும். மூன்று நாள் வங்காளச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் அருமை தெரியும். பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி.பந்த் மருத்துவமனையும் இங்கேதான். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: இந்த ஊர் முழுக்க மேடு பள்ளம். ஹோட்டல் சாலையிலிருந்து மேலே ஏறிப் போகிற மாதிரி இருக்கிறதா, வண்டி வாசல்வரை வருமா, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முதல் நாள் மாலை செல்லுலார் ஜெயிலில் ஒலி ஒளிக் காட்சி, கடைசி நாட்களில் ராஸ் தீவு. அது படகில் சில நிமிடம்தான், மேலே சுற்றிப் பார்க்க பேட்டரி வண்டி உண்டு.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: விமானம், அடுத்து கப்பல், கடைசியில்தான் அறை. பெரும்பாலானவர்கள் அறையில் மயங்கி அதை முதலில் எடுத்துவிட்டு, கப்பல் கிடைக்காமல் தேதியை மாற்றப் பாடுபடுவார்கள். ஜனவரியில் தனியார் கப்பல் சீக்கிரம் நிரம்பிவிடும். அரசுக் கப்பல் மலிவு, ஆனால் உள்ளூர்க்காரர்களும் அதில்தான் போவார்கள், இடம் கிடைப்பது எளிதல்ல. காலைக் கப்பலையே எடுங்கள், கடல் பெரும்பாலும் அப்போதுதான் அடங்கியிருக்கும். கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கம்வரை உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறும்போது போட்டுப் பயனில்லை, அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று பாருங்கள். ஃபீனிக்ஸ் பே வேறு, ஹாடோ வேறு. ஆட்டோக்காரர் சுற்றுலாப் பயணி என்றாலே பழக்கத்தில் ஏதாவது ஒரு ஜெட்டியில் இறக்கிவிட்டுவிடுவார்.

வரும்போது ஒரு சின்ன மடக்கு ஸ்டூல் கொண்டு வாருங்கள். ஜெட்டி வரிசையில் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அம்மாவால் ஒரு மணி நேரம் நிற்க முடியாது.